ஒலிபெருக்கியில் கிளெனிஸின் பெயர்

அந்தக் கோடையில் கிளெனிஸ் பாஸ்கோ தீக்குப் பயந்து மூன்று முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். மூன்று முறையும் தீ வரவில்லை. அந்தப் பக்கம் கோடை டிசம்பரில்தான் தொடங்கும்; டிசம்பரில் ஒரு தடவை, ஜனவரியில் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ஆறு கோழிகளைக் கம்பிக்கூட்டில் அடைத்து, கணவன் வாரிக்கைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் உட்கார வைத்து, மலையிறங்கி இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த முன்டரா ஊருக்குப் போனாள். அங்கே நூலகத்தில் ஏசிக்கு அடியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்தாள். வீடு போட்டது போட்டபடி இருந்தது. மூன்றாவது தடவை நூலகத்துப் பெட்ரா, "அடுத்த வாட்டி கோழிங்கள நேரா என் வீட்டுக் கொல்லையில விட்டுட்டு வந்துடு. இங்க வராண்டா பூரா எச்சம்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிச் சிரித்தாள்.

கிளெனிஸுக்கும் வாரிக்குக்கும் காது கேட்காது. கிளெனிஸுக்குப் பிறந்ததிலிருந்தே. வாரிக்குக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காதைக் கொண்டுபோனது. இடது காதில் கருவியை மாட்டினால் இடி இடிப்பதும் லாரி போவதும் அடுத்த ஊரில் நடப்பது போல லேசாகத் தெரியும், அவ்வளவுதான். வாரிக் மெல்போர்னில் கொதிகலன் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து முடித்ததும், ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் இந்த மலைப்பக்கம் ஸ்ட்ரிங்கிபார்க் ரோட்டின் கடைசி வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். சுற்றிலும் தைல மரம். ஒரே ஒரு பக்கத்து வீடு, கீத்தினுடையது. அதுவும் அரை கிலோமீட்டர் தள்ளி.

போன வசந்தத்தில் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. காது கேளாதவர்கள் தீ, வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர மெல்போர்னிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளுக்கும் காது கேட்காது. வாரிக் அந்தக் கூட்டத்துக்கு வந்தது சாக்லெட் கேக்குக்காக. கிளெனிஸ் மட்டும் கடைசிவரை அந்தப் பெண்ணின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சைரன் நமக்காக அடிக்கல. ரேடியோ நமக்காகப் பேசல" என்று அவள் கைகள் சொல்லின. "போன்ல மெசேஜ் வரும், சரி. டவர் எரிஞ்சு போச்சுன்னா? அதனால யாராவது வந்து சொல்வாங்கன்னு உக்காந்திருக்காதீங்க. ஊர்ல முதல் ஆளா கிளம்புங்க. சும்மா போயிட்டு வந்தோமேன்னு வெக்கப்படாதீங்க."

அன்றைக்கே கிளெனிஸ் ஒரு பையைத் தயார் பண்ணிக் கதவருகே மாட்டினாள். நோட்டு, நாலு பேனா, வாரிக்கின் காதுக் கருவிக்கு ஆரஞ்சுப் பட்டை போட்ட பேட்டரி ஐந்து பாக்கெட், போனுக்குப் பவர் பேங்க், இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பேச ஒரு டார்ச், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. அட்டையில், "எனக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள்" என்று இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரே ஒரு விதியை எழுதி ஒட்டினாள். தீயணைப்புக் கொட்டகைக்கு முன்னால் அன்றன்றைய தீ அபாயத்தைக் காட்டும் அரைவட்டப் பலகையில் முள் ஆரஞ்சு நிறத்துக்குப் போனால், காலை ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை முள் ஆரஞ்சுக்குப் போனது.

எட்டரை மணிக்கே கிளெனிஸ் கோழிகளை அடைத்துவிட்டாள். வாரிக் ஷெட்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்து யாரோ கொடுத்த ஒரு புல்வெட்டி மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் ஷெட் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டாள். அவன் நிமிர்ந்தான்.

"கிளம்பு" என்றாள்.

"நான் வரல."

"முள் ஆரஞ்சுல நிக்குது."

"போன மாசமும்தான் நின்னுச்சு. அதுக்கு முன்னாடியும்தான் நின்னுச்சு." அவன் கைகளில் கிரீஸ், விரலை விரித்து விரித்து எரிச்சலோடு பேசினான். "மூணு தடவை உன் பின்னாடி கோழி தூக்கிட்டு வந்தேன். நம்ம மெல்போர்ன் பசங்க வீடியோவுல என்ன சொல்றாங்க தெரியுமா? எனக்குப் புதுப் பேர் வெச்சுட்டாங்க." முழங்கைகளை இறக்கை போல இரண்டு தடவை அடித்துக் காட்டினான்.

கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "நல்ல பேருதான். கிளம்பு."

"தீ வந்தா கீத் வந்து சொல்வான். ஜன்னல்ல வண்டி லைட்ட அடிச்சுக் காட்றேன்னு சொல்லியிருக்கான்ல?" கீத்தின் பெயரைச் சொல்ல அவர்கள் வயிற்றைச் சொறிந்து காட்டுவார்கள். கீத்துக்கு அது தெரியாது.

"கீத் தீயணைப்புப் படையில இருக்கான், வாரிக். தீ வர்ற அன்னிக்கு அவன் தீ அணைக்கப் போயிருப்பான். அவன் வீட்டுல இருக்கற அன்னிக்குத் தீயே இருக்காது. இத எத்தன தடவை உனக்குச் சொல்றது?"

வாரிக் வாதத்தில் தோற்கும்போதெல்லாம் செய்வதைச் செய்தான்: கண்ணை மூடிக்கொண்டான். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவனுடைய கடைசி ஆயுதம் அதுதான். காது கேட்கிறவர்கள் கோபத்தில் கதவை அறைந்து சாத்துவார்கள்; வாரிக் கண்ணைச் சாத்துவான். அதற்குமேல் அவனிடம் பேச வழியே கிடையாது.

கிளெனிஸ் அவன் தோளைத் தட்டினாள். இறுக்கி மூடினான். முட்டியில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை. அவள் வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்தாள். அவனுடைய பிக்கப் வண்டியைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டாள். பேட்டரி இரண்டு பாக்கெட்டையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் சீட்டில் வைத்தாள். ஷெட்டுக்குத் திரும்பி வந்தபோது அவன் கண்ணைத் திறந்திருந்தான். முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி, இரு. ஆனா மணிக்கு ஒரு மெசேஜ் அனுப்பணும். பத்து மணிக்கு ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு. தவறக்கூடாது."

"அனுப்பறேன், அனுப்பறேன். போய் உன் கோழிங்களோட உக்காரு."

அவள் தன் சின்னக் காரில் தனியாகக் கிளம்பினாள். மலை இறங்குகிற வரைக்கும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். வானம் நீலமாகத்தான் இருந்தது. காற்று மட்டும் வடக்கிலிருந்து அனலாக அடித்து, காரை அவ்வப்போது ஓரமாகத் தள்ளியது.

கோழிகளைப் பெட்ரா வீட்டுக் கொல்லையில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனாள். பத்து மணிக்கு மெசேஜ் வந்தது. "உயிரோட இருக்கேன்."

பதினோரு மணிக்கும் வந்தது. "உயிரோட இருக்கேன். உன் ஆரஞ்சு கேக் பாதி இல்ல."

பன்னிரண்டு மணிக்கு வரவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கும் வரவில்லை. கிளெனிஸ் நூலகத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பிய இரண்டு மெசேஜும் போய்ச் சேரவில்லை. நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெயில் பழுப்பு நிறமாக மாறியிருந்தது. வெள்ளைக் கிளிகள் கூட்டம் கூட்டமாக மலைப்பக்கமிருந்து ஊரைத் தாண்டிப் பறந்தன. உள்ளே இருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார்கள். ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும்.

பெட்ரா வேகமாக வந்து எழுதினாள். "மலையில தீ. எல்லாரும் கண்காட்சி மைதானத்துக்குப் போகணுமாம். நான் எங்கம்மாவ முதியோர் இல்லத்துலேர்ந்து கூட்டிட்டு வரணும். நீ போயிடுவியா?"

கிளெனிஸ் தலையாட்டினாள். ஆனால் மைதானத்துக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக மலை ரோட்டுக்கு விட்டாள்.

ஊர் எல்லையில் போலீஸ் வண்டி குறுக்கே நின்றது. முகக்கவசம் போட்ட ஒரு போலீஸ்காரர் ஜன்னலருகே குனிந்து ஏதோ சொன்னார். கவசத்துக்குள் துணி அசைந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அட்டையை எடுத்துக் காட்டினாள். அவர் படித்துவிட்டுக் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கி, வாயை நன்றாகத் திறந்து நிதானமாகச் சொன்னார்.

"ரோடு மூடியாச்சு."

அவள் நோட்டில் எழுதினாள். "என் கணவர் மேலே இருக்கார். ஸ்ட்ரிங்கிபார்க் ரோடு கடைசி வீடு. அவருக்கும் காது கேட்காது."

போலீஸ்காரர் அதை இரண்டு தடவை படித்தார். வாக்கி டாக்கியில் ரொம்ப நேரம் பேசினார். பிறகு அவள் நோட்டையே வாங்கி எழுதினார். "சொல்லியிருக்கேன். வண்டி போக முடிஞ்சா போய்ப் பாப்பாங்க. நீங்க மைதானத்துக்குப் போங்க. அங்கேயே இருங்க."

'முடிஞ்சா' என்ற சொல்லின் மேலேயே அவள் கண் நின்றது.

மைதானத்தின் பெரிய கொட்டகையில், வருஷா வருஷம் பூசணிக்காயும் கேக்கும் வைத்துப் பரிசு கொடுக்கும் இடத்தில், மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று நாற்பது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் அவள் பெயரை எழுதி, ஒரு ஸ்டிக்கரிலும் எழுதி அவள் நெஞ்சில் ஒட்டினார். அவள் "வாரிக் பாஸ்கோ வந்திருக்காரா?" என்று எழுதிக் கேட்டாள். அவர் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டி, உதட்டைப் பிதுக்கினார். "கூப்பிட்டுப் பாக்கச் சொல்றோம். இங்கேயே இருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் லாரி வந்துவிட்டதென்று எழுந்து ஓடினார். அவர் இடத்தில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

கிளெனிஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொட்டகை முழுக்க ஜனம். கால் மணிக்கொரு தடவை எல்லாத் தலைகளும் ஒன்றாக மேலே உயரும். கூரையில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்ப்பார்கள். சிலர் எழுந்து போவார்கள், சிலர் பெருமூச்சு விடுவார்கள், ஒரு பெண் அழுதாள். அப்புறம் தலைகள் இறங்கிவிடும். கிளெனிஸ் அந்த முகங்களைப் பார்த்து என்ன செய்தி என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். நல்லதா, கெட்டதா? எந்த ரோடு? யார் வீடு? பக்கத்திலிருந்த ஒருவரிடம் நோட்டை நீட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்ட்ரிங்கிபார்க் பக்கம் எல்லாம் போச்சுன்னு பேசிக்கறாங்க. உறுதியா தெரியல" என்று எழுதினார்.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் அவனை அடித்திருந்தாளே, முட்டியில். வலித்திருக்கும். இன்னொரு தடவை அடித்திருக்க வேண்டும், அடித்து இழுத்து வந்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது. அடித்திருக்கவே கூடாது என்றும் தோன்றியது. கருவியை மாட்டியிருப்பானா? மாட்டியிருந்தாலும் தீ வரும் சத்தம் அதில் கேட்குமா? தீக்குச் சத்தம் உண்டு, ரயில் வருவது போல இருக்கும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஷெட்டுக்குள் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். அவன் முதுகு அவள் கண் முன்னாலேயே நின்றது. மேஜைக்கு இரண்டு தடவை போய்க் கேட்டாள். மேஜைக்குப் புதிதாக வந்த பெண் இரண்டு தடவையும் பட்டியலைப் பார்த்து, இல்லையென்று தலையாட்டி, அவள் கையைத் தட்டிக் கொடுத்து, நாற்காலியைக் காட்டினாள்.

நாலு மணி இருக்கும். கிரிக்கெட் தொப்பி போட்ட ஒரு பருமனான பெண்மணி டீ கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் நிமிரும்போது கிளெனிஸின் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். படித்தவள் அப்படியே நின்றாள். வாய் 'ஓ' என்று குவிந்தது. ஒலிபெருக்கியைக் காட்டினாள். கிளெனிஸைக் காட்டினாள். மறுபடி ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

கிளெனிஸ் நோட்டை நீட்டினாள். அந்தப் பெண் ஏறக்குறைய கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

"அட, நீதான் கிளெனிஸ் பாஸ்கோவா? மூணு மணி நேரமா உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருக்காங்க! உன்னை மாட்டுக் கொட்டகைக்கு வரச் சொல்றாங்க! அப்புறம் யாரோ வாரிக்காம், அந்த ஆள இங்க வரச் சொல்றாங்க. மாத்தி மாத்தி ரெண்டு பேரையும். எங்க எல்லாருக்கும் மனப்பாடமே ஆயிடுச்சு!"

டீ எங்கே போனதென்று கிளெனிஸுக்குத் தெரியாது. கொட்டகையை விட்டு வெளியே ஓடினாள். மைதானம் பெரிது, நடுவில் குதிரை ஓடும் வட்டம், அதற்கு அந்தப்பக்கம் ஓடைக்கரையில் மாட்டுக் கொட்டகை. இடையில் நூற்றுக்கணக்கான கார், கேரவன், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜனம். புகை மூட்டத்தில் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று தேடினாள்.

அவன் தெரிந்தான். வட்டத்துக்கு அந்தப்பக்கம் வேலியோரம், தலைகீழாகக் கவிழ்த்த ஒரு வாளிமேல் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு நாய்.

கிளெனிஸ் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். நாய்தான் முதலில் பார்த்தது. அப்புறம் அவன். வாளி உருண்டது.

காது கேட்கிற யாரும் அந்தத் தூரத்தில், அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கை வீச, அந்தப் பக்கமிருந்து அவன் வீச, நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் டென்னிஸ் பார்ப்பது போல இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினார்கள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றாள் கிளெனிஸ்.

"நான் எங்க தொலைஞ்சேன்? நீதான் தொலைஞ்ச! ஒரு மணியிலேர்ந்து இங்க உக்காந்திருக்கேன்!"

"நான் அங்க உக்காந்திருக்கேன்!"

"அங்க வந்து பாத்தேனே! ஒரு மணிக்கு! நீ இல்ல!"

"ஒரு மணிக்கு நான் மலைக்கு வந்துட்டிருந்தேன், உன்னைத் தேடி! போலீஸ் விடல!"

வாரிக்கின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டான். வேலியைத் தாண்டிக் குதிரை வட்டத்துக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தான். அறுபத்து மூன்று வயசில் அவன் ஓடி அவள் பார்த்ததில்லை. பாதி வட்டத்தில் ஓடினான். அவளும் குனிந்து நுழைந்து ஓடினாள். நடுவில் சேர்ந்ததும் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். ரொம்ப நேரம் பேச்சே இல்லை; கட்டிக்கொண்டிருந்தால் கை எப்படிப் பேசும்? அவன் சட்டையில் கிரீஸ், புகை, ஈர நாய் மூன்றும் கலந்து நாறியது. அவளுக்கு அப்படியே இருக்கலாம் போல இருந்தது. அழுகை வந்தது.

கடைசியில் அவள்தான் விலகினாள். "சொல்லு. எப்பக் கிளம்பின? யார் வந்து சொன்னாங்க?"

"யாரும் சொல்லல." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "பன்னெண்டு மணிக்கு உனக்கு மெசேஜ் போட்டேன். போகல. டவர் இல்ல. வெளியே வந்து கையத் தூக்கிப் புடிச்சுப் பாத்தேன், போகல. மலை அந்தப்பக்கம் கொஞ்சம் புகைதான் இருந்துச்சு. நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஆனா மெசேஜ் வரலன்னா இவ என்ன பண்ணுவா? வண்டிய எடுத்துட்டு மேல வந்துடுவா, கழுத. அதான் கிளம்பிட்டேன்."

"நிஜமாத்தான் வந்தேன், கழுத."

"தெரியும். உன்னைத் தெரியாதா எனக்கு?" அவன் மூக்கை உறிஞ்சினான். "கீத் வீட்டுல நாய் கட்டிக் கிடந்துச்சு. அவன் தீ அணைக்கப் போயிட்டான். நீ சொன்ன மாதிரியே. நாயத் தூக்கிப் போட்டுகிட்டேன். அதுக்குள்ள மலை ரோட்டுல ஒண்ணும் தெரியல, ஒரே புகை. பால் பண்ணைப் பாதை வழியா ஓடையோரமா வந்து பின்வாசல்ல ஏறிட்டேன். நாய் இருக்கேன்னு இங்க அனுப்பிட்டாங்க. இங்க தனிப் பட்டியல். என் பொண்டாட்டி வந்திருப்பா, கூப்பிடுங்கன்னேன். ‘கூப்பிட்டுட்டோம், வருவாங்க, நகராம இருங்க’ன்னு எழுதிக் குடுத்தா அந்த மாட்டு டாக்டர் பொண்ணு. இருந்தேன்."

"உன் பொண்டாட்டிக்கும் காது கேக்காதுன்னு அவகிட்டச் சொன்னியா?"

வாரிக் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தது போல இருந்தது. பிறகு சிரித்துவிட்டான். தோள் குலுங்கச் சிரித்தான். "தோணவே இல்ல" என்றான். "உனக்குக் கேக்காதுன்னு எனக்கு எப்பவும் தோணறதே இல்லயே."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. முட்டியில் ஒன்று வைக்கலாம் என்று நினைத்து, வைக்காமல் விட்டாள்.

அவள் அவனையும் நாயையும் இழுத்துக்கொண்டு பெரிய கொட்டகை மேஜைக்குப் போனாள். நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, பெயர் எழுதும் பெண்ணின் முன்னால் வைத்தாள். "எங்கள் பெயரை மூணு மணி நேரம் கூப்பிட்டிருக்கீங்க. நன்றி. ஆனா கூப்பிட்டா எங்களுக்குக் கேட்காது."

அந்தப் பெண் படித்தாள். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தது. "ஐயோ, நீங்க ரெண்டு பேருமேவா? நீங்க ரெண்டு தடவை வந்து கேட்டீங்களே! நான் உங்க பேரப் பாக்கவே இல்லையே!" என்று கையை விரித்தாள், அது கிளெனிஸுக்கு எழுதாமலேயே புரிந்தது.

கோபப்படலாம்தான். கிளெனிஸுக்கு அன்றைக்குக் கோபம் கிடைக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய வெள்ளைப் பலகையைக் காட்டினாள். யார் பூசணி எத்தனை கிலோ என்று போன வருஷக் கணக்கு அதில் இன்னும் இருந்தது. அழிப்பது போலவும் எழுதுவது போலவும் செய்துகாட்டினாள்.

ஐந்து மணிக்குள் பலகை நடுக் கூடத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் சொல்வதை அப்படியே ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள்: எந்த ரோடு மூடியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, யாரை யார் தேடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் காது கேட்கிறவர்களே அதன் முன்னால் கூட்டமாக நின்றார்கள். "அந்த ஸ்பீக்கர்ல பாதி கொரகொரதான், ஒரு எழவும் புரியல" என்று கிரிக்கெட் தொப்பிப் பெண் எழுதிக் காட்டினாள்.

வயதான பால்பண்ணைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி அவர்களிடம் வந்தார். காதிலிருந்து கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மத்தியானத்திலிருந்து பேட்டரி செத்துக் கிடக்கிறது. கேட்கவில்லை என்று வெளியே சொல்ல அவருக்கு மனசில்லை. கிளெனிஸ் பையைத் திறந்து ஆரஞ்சுப் பட்டை பாக்கெட் ஒன்றைக் கொடுத்தாள். அவர் மாட்டினார். ஒலிபெருக்கி அலறியிருக்க வேண்டும், துள்ளிக் குதித்தார். வாரிக் அவர் முதுகில் தட்டினான்.

அன்றிரவு கொட்டகையில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். காலையில் எழுந்தபோது சுற்றியிருந்த எல்லாருடைய கண்ணும் சிவந்து கிடந்தது. குழந்தைகள் அழுதனவாம், நாய்கள் குரைத்தனவாம், ஜெனரேட்டர் ஓடியதாம், யாரோ மலையே அதிர்கிற மாதிரி குறட்டை விட்டாராம். பாஸ்கோ தம்பதி மட்டும் எட்டு மணிவரை அசையாமல் தூங்கி எழுந்து, முகம் கழுவி, முட்டையும் சாசேஜும் வாங்க வரிசையில் நின்றார்கள். கிரிக்கெட் தொப்பிப் பெண் அவர்களைப் பார்த்த பார்வையில் பொறாமை சொட்டியது.

"குறட்டை விட்டது நீதான்" என்றாள் கிளெனிஸ்.

"யார் பாத்தா?" என்றான் வாரிக்.

பத்து மணிக்குக் கீத் வந்தான். முகம் கரி, இமை முடி பொசுங்கியிருந்தது, நிற்கவே தெம்பில்லை. நாய் அவன்மேல் தாவியபோது அப்படியே தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டான். நிமிர்ந்து வாரிக்கைப் பார்த்தான். பிறகு கையால் ஒரு கூரை வரைந்தான். வாரிக்கையும் கிளெனிஸையும் காட்டினான். கட்டை விரலை உயர்த்தினான்.

"வீடு இருக்கா?" கிளெனிஸ் தன் கையால் கூரை வரைந்து திருப்பிக் கேட்டாள்.

கீத் பலமாகத் தலையாட்டினான். அப்புறம் சின்னதாக இன்னொரு கூரை வரைந்து, உள்ளங்கையால் தரையோடு தரையாகத் துடைத்துக் காட்டினான். ஷெட்.

வாரிக் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். முந்தின நாள் காலையில் அவன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இடம் அது. கிளெனிஸ் அவன் பின்கழுத்தில் கையை வைத்தாள். அவன் நிமிர்ந்து, "சரி, அதுல இருந்ததெல்லாம் இரும்புதான்" என்றான். கீத்துக்குத் தன் சாசேஜைக் கொடுத்தான்.

கீத்தின் வீடு ஒரு பக்கம் கருகியதோடு தப்பியிருந்தது. ஸ்ட்ரிங்கிபார்க் ரோட்டில் மேலே இருந்த ஒரு காலி விடுமுறை வீடு மட்டும் முழுசாகப் போயிருந்தது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று பலகையில் எழுதியபோது கூடமே கைதட்டியது. கிளெனிஸ் கைதட்டவில்லை, அவர்கள் வழக்கப்படி இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை உதறினாள். பக்கத்திலிருந்த சிலரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரோடு திறந்தது. பெட்ரா வீட்டுக் கொல்லையிலிருந்து கோழிகளை எடுத்துக்கொண்டார்கள். கிளெனிஸின் காரைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று மைதானத்திலேயே விட்டுவிட்டு, பிக்கப்பில் இரண்டு பேரும் ஏறினார்கள். தனித்தனியாகப் போக இருவருக்குமே மனசு வரவில்லை.

மலை ஏற ஏற, ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் கறுத்து நின்றன. சில இடங்களில் இன்னும் புகைந்தது. ஒரு வளைவில் தீயணைப்பு வண்டிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள், கை காட்டினார்கள். அதற்கு மேலே, தீ தாவிப் போன ஒரு இடத்தில், பச்சை அப்படியே இருந்தது.

வாரிக் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, மறு கையால் பேசிக்கொண்டே வந்தான். புது ஷெட்டை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டலாமா, கிட்டக் கட்டலாமா. வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம். ரோட்டைப் பார்த்த மாதிரி வைத்தால் வெயில் அடிக்கும், ஆனால் யார் வருகிறார்கள் என்று தெரியும். சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் எப்படி இருக்கும். கேள்வி கேட்டுவிட்டு அவள் பதிலைப் பார்க்க முழுசாகத் திரும்பினான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் கிளெனிஸ்.

அவன் திரும்பி ரோட்டைப் பார்த்தான். அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, ஜன்னலை இறக்கி, காலை நீட்டிக்கொண்டாள்.